படத்தில் இல்லாத காந்தா

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் சுகாசினி, தறியில் அப்பா தர்மன் அமர்ந்திருக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தை விரித்தாள். பல தேசத்துக் கட்டுரைகளை வாசித்து, விடுபட்டவர் யார் என்று கேட்பதுதான் வகுப்புப் பாடம்.

"தனியா நெய்றார்னு போட்டுக்கிறான்பா. வேற நிறத்துல கரை சேக்குற கோர்வைக்கு, அந்தப் பக்கம் உக்காந்து நூல் நாடாவத் தள்ள இன்னொரு ஆள் வேணுமே. அம்மா எங்க?"

தர்மன் முதுகை நிமிர்த்தினார். அந்நியன் கேமராவுக்கு முன் வீட்டுப் பெண்ணா என்று மனைவியை உள்ளே அனுப்பியவர் அவர்தான்.

"குடும்ப மானத்த வகுப்புல விரிக்காத."

சற்று நேரத்தில் கண்ணயர்ந்தார். கனவில், மிதக்கும் தறியில் ஆளில்லாத பக்கத்திலிருந்து வளையல் சத்தத்தோடு நாடா வந்தது. அரக்குக் கரை ஆறாய் நீண்டது.

விழித்ததும் மகளைக் கூப்பிட்டார். "விட்டுப்போன பேர எழுதிக்கம்மா. காந்தா, தர்மன் சம்சாரம்."

"காந்தான்னா போதும்" என்றாள் மனைவி, உள்ளிருந்து.

"அப்படியே எழுது" என்றார்.