பெட்டிக்கு ஆறு வினாடி

மகளை ஒரு தடவை தூக்கிக் கொஞ்ச விலை மூன்று பெட்டி. பேரம் கிடையாது. கிடங்கில் பெட்டிக்கு ஆறு வினாடி. தூக்கு, திருப்பு, சீட்டில் ஊர்ப் பெயரைப் பார், இடப்பக்கம் வை. பதினெட்டு வினாடி கொஞ்சினால் மூன்று பெட்டி போச்சு. வீட்டில் யாரும் கணக்குக் கேட்கவில்லைதான். கேட்பது அவனுடைய கைகள்.

ஒன்பது மாதமாக இந்த வேலை. வருகிற கூலி வாடகைக்கே இழுபறி. இன்று குறைந்த பெட்டிகளை நாளைக் கணக்கில் ஏற்றிவிடுவார் சூப்பர்வைசர். கை தானாக இயங்குகிறது என்று அவன் சொன்னபோது, "அப்ப வேலை பிடிபட்டுருச்சுய்யா" என்று தட்டிக்கொடுத்தார். பிடித்துக்கொண்டதுதான் வினை.

போன மாதம் ஒரு லீவு நாளில், ஓடிவந்த ஐந்து வயது மகளைத் தூக்கினான். திருப்பினான். முதுகைப் பார்த்தான். இடப்பக்கம் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான்.

"என்னை எந்த ஊருக்குப்பா அனுப்புற?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மகள் ஓடி வருவதில்லை. கதவோரம் நின்றே பேசுகிறாள். அவனும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு, மறுபடி இறக்கிவிட்டால்? வேலையில் கொஞ்சம் கனமான பெட்டி வந்தால், இவ்வளவுதானே இருப்பாள் என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். ஆறாவது வினாடியில் அதையும் வைத்துவிட வேண்டும்.

இன்றும் லீவு. மத்தியானத்திலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சுவரு என்ன, உங்க மாமனாரா? இவ்வளவு மரியாதையா உக்காந்திருக்கீங்க. புள்ளையக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடி."

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. உள்ளே போய் மகளிடம் ஏதோ கிசுகிசுத்தாள்.

சற்று நேரத்தில் மகள் பின்பக்கமாகவே நடந்து வந்தாள். சட்டை முதுகில் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு காகிதம். கோணல் எழுத்தில் 'அப்பா' என்று இருந்தது.

"நல்லாப் படிச்சுப் பாரு. வந்து சேந்தாச்சு. இனி எங்கயும் அனுப்பக் கூடாது."

தூக்கினான். ஆறாவது வினாடியில் கை இடப்பக்கம் போயிற்று. அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். கை பாதியில் நின்றது. மூன்று பெட்டி. பத்து. முப்பது. தோளில் அவள் மூச்சு சீராகி, கண் செருகிவிட்டது. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

தொண்ணூற்று நான்கு பெட்டி பாக்கி. தொண்ணூற்று ஐந்து.