அந்தோனியாருக்குச் சொன்ன பூசணி

மாதவனை முதன்முதலில் டாக்டர் ஆக்கியது அவன் படித்த பல்கலைக்கழகம் அல்ல, மாக்கிரட் அக்கா. கனடாவில் மொன்றியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட் அறையில் அவன் பெட்டியை இறக்கிவைத்த வாரமே, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும், "எங்கட வீட்டில இருக்கிற இந்தியத் தம்பி செடி கொடியளுக்கு டொக்டர்" என்று அவர் சொல்லி முடித்திருந்தார். அடுத்த வாரம் றோசா என்ற அம்மாள் வாடிய கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாதவன் இலையைத் திருப்பிப் பார்த்து, "தண்ணிய கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றான். கன்று செத்துப்போனது. அவன் பெயர் கெடவில்லை. மனிதர்களைப் பார்க்கும் டாக்டர்களுக்கும் அப்படித்தான்.

உண்மை என்னவென்றால் அவன் மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவன். அவனுடைய ஆராய்ச்சி, சாண் உயரம் வளரவே யோசிக்கும் ஒரு களைச்செடியின் ஒரேயொரு மரபணுவைப் பற்றியது. அந்தச் செடி கண்ணாடித் தட்டில் முளைக்கும், மின்விளக்கில் வளரும், தன் பூவுக்குள்ளேயே தானே மகரந்தம் சேர்த்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் காய்க்கும். மூன்று வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதில், உலகத்துச் செடிகள் எல்லாமே இப்படித் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு அவனுக்குள் ஊறிவிட்டது. மண்ணில் அவன் கை வைத்ததே கிடையாது.

2009ஆம் வருடம் மே மாதக் கடைசியில் மாக்கிரட் அக்கா படியிறங்கி வந்து அவன் கதவைத் தட்டினார்.

"தம்பி, வீட்டுக்குப் பின்னால தோட்டம் போடப்போறன். ஒருக்கா வந்து பாரும்."

"என்னக்கா போடப்போறீங்க?"

"பூசணி."

"வேற?"

"வேற ஒண்டும் வேண்டாம்."

பின்புறம் புல்தரையின் நடுவே அவருடைய கணவர் யோசெப் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவருக்கு மரக்கறி வெட்டுகிற வேலை.

"நாள் முழுக்க அங்க பூசணியும் கரட்டும் வெட்டிப்போட்டு வாறன். இஞ்சையும் அதின்ர முகத்திலயோ நான் முழிக்கவேணும்?"

"முழிக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கொத்துங்கோ" என்றார் மாக்கிரட் அக்கா.

யோசெப் அண்ணன் கொத்தினார். இருபது வருடம் பராமரித்த புல் அவர் காலடியில் துண்டு துண்டாகப் புரண்டது. கன்று இரண்டும் றோசா கொடுத்தவை. ஒன்றை அன்று மாலையே அணில் முடித்துவிட்டது. மற்றதைச் சுற்றிக் கம்பி வலை அடிக்கும்போதுதான் மாக்கிரட் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

வன்னியில் அவருக்கு வின்சன்ட் என்று ஒரு தம்பி. "மாசியில போனில கதைச்சவன். 'அக்கா, பின்னால கனபேர் நிக்கினம், பேந்து எடுக்கிறன்' எண்டவன்." அதற்குப் பிறகு குரல் இல்லை. சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லிவிட்டன. முகாம்களிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வந்தன. ஒவ்வொன்றாக வாசித்தாகிவிட்டது. வின்சன்ட் என்று பதினொரு பேர் இருந்தார்கள்; அவர்களில் ஒருவரும் இந்த வின்சன்ட் இல்லை.

அதனால் மாக்கிரட் அக்கா அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். மன்னாரில் அவர்கள் ஊர்க் கோயிலில் அது வழக்கம். நிலத்தில் விளைந்த முதல் காயைப் புனிதருக்குக் கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் முற்றத்தில் வைத்து அதை ஏலம் போடுவார்கள். மொன்றியலிலும் தமிழர்கள் அதை விட்டுவிடவில்லை. அக்டோபர் முதல் ஞாயிறு பூசைக்குப் பின் கார் நிறுத்துமிடத்தில் ஏலம் நடக்கும்.

"என்ர நிலத்தில, என்ர கையால வச்சு, முத்திப் பழுத்த முதல் பூசணி. அதை உமக்குத் தாறன், அவன்ர குரலை எனக்குக் கேக்கப்பண்ணும் எண்டு சொல்லியிருக்கிறன்." மாதவனை நிமிர்ந்து பார்த்தார். "இனி உம்மட கையிலதான் இருக்கு, தம்பி."

மரபணுவியலில் இதற்குப் பாடத்திட்டம் இல்லை. மாதவன் தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

அந்த ஒற்றைக் கொடி ஜூலைக்குள் புல்தரையில் பாதியைப் பிடித்துவிட்டது. குடை அகல இலைகள். யோசெப் அண்ணனின் பார்பிக்யூ அடுப்பு உள்ளே எங்கேயோ காணாமல் போனது. கொடி காலையில் மஞ்சளாகப் பூத்தது. சில பூக்களின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சும் இருந்தது. மாக்கிரட் அக்கா அவற்றை எண்ணிவைத்தார். நாலாம் நாள் அவை மஞ்சளடித்து, சுருங்கி, தொட்டால் கழன்று விழுந்தன. அடுத்த வாரம் வேறு ஐந்து பிஞ்சுகள். அவையும் அப்படியே.

மாதவன் விஞ்ஞானத்தை அவிழ்த்துவிட்டான். மண்ணை உறையில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனான். இலையில் பச்சையம் அளந்தான். நான்கு பக்கத்தில், இரண்டு வரைபடங்களோடு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தான். மூன்று வருடத்தில் அவன் எழுதி முடித்த முதல் அறிக்கை அதுதான். மாக்கிரட் அக்கா அதை மரியாதையாக இரண்டாக மடித்து, சமையலறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தார். வாழைப்பழத் தோல் புதைக்கச் சொன்னான்; புதைத்தார்கள். யூரியாவை நிறுத்தச் சொன்னான்; நிறுத்தினார்கள். பிஞ்சுகள் நேரம் தவறாமல் விழுந்தன.

"டொக்டர்," என்றார் யோசெப் அண்ணன் ஒருநாள், விழுந்த பிஞ்சு ஒன்றை உள்ளங்கையில் உருட்டியபடி, "நோயாளி இருக்கிறாரோ, நாங்கள் சவப்பெட்டிக்குச் சொல்லுறதோ?"

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மாதவன் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் பின்வாசல் வழியாக வந்தான். பனியில் நனைந்த கொடிக்குள் மாக்கிரட் அக்கா குனிந்து நின்றார். ஒரு கையில் கிண்ணம். நீளக் காம்போடு மலர்ந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"அந்தோனியாருக்குப் பூ. ஒவ்வொரு நாளும் புதுசாத்தான் வைக்கிறனான். வேலைக்குப் போக முதல் புடுங்கினால் வாடாது." அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "பிஞ்சு உள்ளதைத் தொடமாட்டன், தம்பி. இதுகள் சும்மா மலட்டுப் பூக்கள்."

மாதவன் கிண்ணத்தையும் கொடியையும் மாறிமாறிப் பார்த்தான். பஸ் போய்விட்டது. மடிக்கணினியில் வைத்திருந்த பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருப்பது அது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் படம் வரைந்து பத்து மார்க் வாங்கியிருக்கிறான். பூசணிக்கு ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஒன்றின் மகரந்தம் மற்றதுக்குப் போகவேண்டும். தேனீ எழுந்து வருவதற்குள் ஊரிலுள்ள அத்தனை ஆண்பூக்களையும் பறித்து ஒரு துறவியின் காலில் போட்டால், பிஞ்சு என்னத்தைச் செய்யும்?

பூசை அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினான். இது ஆண், இது பெண், இது இங்கே போகணும்.

"ஒரு பிள்ளை பெத்தவளுக்கு நீர் விளங்கப்படுத்துறீர்" என்றார் மாக்கிரட் அக்கா.

"புரிஞ்சுதா அக்கா?"

"விளங்கினது."

"இனிமே பறிக்காதீங்க. தேனீ பாத்துக்கும். ரெண்டு மாசம் இருக்கு, ஒரு காயாவது முத்திடும்."

"ஓம், தம்பி."

மறுநாள் காலை அந்தோனியாரின் முன்னால் ஏழு பூக்கள் இருந்தன. அதற்கு மறுநாள் ஒன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பழக்கதோஷம் என்று முதலில் நினைத்தான். பக்தி என்று பிறகு நினைத்தான். இந்த வீட்டில் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று கடைசியில் முடிவு செய்து, ஆய்வகத்திலிருந்து ஒரு மெல்லிய தூரிகையைக் கொண்டுவந்தான். ஐந்து மணிக்கு, அக்கா எழுவதற்கு முன் கொடிக்குள் புகுந்தான். ஆண்பூவில் தூரிகையை உருட்டி, வேலியோரம் பார்பிக்யூ அடுப்புக்குப் பின்னால் மலர்ந்திருந்த ஒரு பெண்பூவில் தடவினான். தன் வாழ்க்கையில் செய்த முதல் வேளாண்மை முடிந்ததும் திருடன் போலக் கீழே ஓடினான்.

நாலாம் நாள் அந்தப் பிஞ்சு விழவில்லை. பத்தாம் நாள் எலுமிச்சை. செப்டம்பர் பிறந்தபோது தேங்காய். இலைகளை இழுத்து மூடி அதை மறைத்துவைத்தான். ஆய்வகத்தில் அவனுடைய களைச்செடிகள் பூஞ்சணம் பிடித்துக் கூண்டோடு போன செய்தியை மேற்பார்வையாளர் சொன்னபோதுகூட அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வீட்டில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் தெருவெல்லாம் பூசணி வந்து இறங்கியது. ஹலோவீனுக்காக ஒவ்வொரு வீட்டுப் படியிலும் செம்மஞ்சள் நிறத்தில் மூன்று, நான்கு. கடை வாசலில் மலை.

"இஞ்சேரும்," என்றார் யோசெப் அண்ணன், "ஒண்டை வாங்கிக் கொண்டுபோய் வையுமன். அந்தோனியார் என்ன கடை றிசீற்றே கேக்கப்போறார்?"

"என்ர நிலத்தில காய்ச்சதெண்டு சொன்னனான்" என்றார் மாக்கிரட் அக்கா. "காய்க்கேல்லை. நான் என்ன செய்ய?"

இதுதான் தருணம் என்று மாதவனுக்குப் பட்டது. அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், மந்திரவாதி துணியை உருவுவது போல, இலைகளை ஒதுக்கினான். மனிதத் தலை அளவில், பச்சையில் மஞ்சள் ஓடத் தொடங்கிய பூசணி. "இன்னும் பத்து நாள்ல முத்திடும்க்கா. சரியா உங்க ஞாயித்துக்கிழமைக்கு."

மாக்கிரட் அக்கா அதைப் பார்த்த பார்வையை அவன் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாள் ஒன்றோடு வெளியே வரும் நர்ஸைப் பார்ப்பது போல இருந்தது. குனிந்து தொடவில்லை. "நல்ல பெரிசு" என்றார். உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ரேடியோவில் உறைபனி எச்சரிக்கை வந்தது. மைனஸ் நான்கு. மாதவன் தன் கட்டில் விரிப்பு, போர்வை, குளிர் ஜாக்கெட் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பூசணியைக் கைக்குழந்தை மாதிரிச் சுற்றினான். அவன் நிமிரும்போது மாக்கிரட் அக்கா பின்னால் நின்றார்.

"அதை எடும், தம்பி."

"எடுத்தா செத்துடும்க்கா."

"தெரியும்."

"அப்ப பறிச்சு உள்ள கொண்டுபோயிடலாம்."

"முத்தேல்லை. முத்தின காய் எண்டு சொன்னனான்." குரல் தாழ்ந்தது. "நீர் நல்ல பிள்ளை. நல்லதெண்டுதான் செய்தனீர். ஆனா யோசிச்சுப் பாரும். ஞாயிற்றுக்கிழமை இதைக் குடுக்கிறன். திங்கள் போன் வராது. செவ்வாய் வராது. பேந்து?"

மாதவன் போர்வையின் நுனியைக் காய்க்கு அடியில் செருகினான்.

"இவ்வளவு நாளும் அவன் எடுக்காததுக்கு ஒரு காரணம் இருந்தது. பூசணி காய்க்கேல்லை. குடுத்தாப் பிறகும் எடுக்காட்டி, மிச்சமிருக்கிற காரணம் என்னெண்டு எனக்குத் தெரியும். அதை நான் கேக்க ஏலாது, தம்பி."

ஏழு பூக்களும் ஒன்பது பூக்களும் அவனுக்கு அப்போதுதான் விளங்கின.

"நீங்களே எடுத்துடுங்கக்கா" என்றான்.

"என்ர கையால எடுத்தால் நேர்த்தியை முறிச்ச மாதிரி. நீர் வேதக்காரன் இல்லைத்தானே. உமக்கு ஒண்டும் வராது."

இப்படி ஒரு சலுகை தன் மதத்துக்கு இருப்பது மாதவனுக்கு அதுவரை தெரியாது. ஜாக்கெட்டை எடுத்தான். போர்வையை எடுத்தான். விரிப்பை உருவும்போது காம்பில் சிக்கியது, மெதுவாக விடுவித்தான். பூசணி மொட்டையாகக் குளிரில் உட்கார்ந்திருந்தது. மாக்கிரட் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ, உதடு மட்டும் அசைய உள்ளே போனார்.

விடிந்தபோது இலைகளெல்லாம் வேகவைத்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. பூசணியின் தோல் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வெயில் ஏறியதும் ஒரு பக்கம் மெத்தென்று அமுங்கியது. யோசெப் அண்ணன் அதை வீட்டுக்குள் தூக்கிவந்து, ஒரு கிண்டலும் பண்ணாமல் மேசையில் வைத்து, தொழில்காரருக்குரிய ஒரே வெட்டில் பிளந்தார்.

"போச்சுது" என்றார்.

"வாற வருசம் பாப்பம்" என்றார் மாக்கிரட் அக்கா. அந்த வருடத்தில் அவர் குரல் அவ்வளவு லேசாக இருந்து மாதவன் கேட்டதில்லை. நாருக்குள் விரலை விட்டு விதைகளை அள்ளினார். "இதைக் காயவச்சுப் போடலாமோ, தம்பி?"

மாதவன் ஒரு விதையை எடுத்து நகத்தால் நசுக்கினான். வெறும் தோல். உள்ளே பருப்பு பிடிக்கவேயில்லை. இன்னொன்றை நசுக்கினான். அதுவும் அப்படியே. பருப்பில்லாத விதை எந்த மண்ணிலும் முளைக்காது என்று அவனால் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடிந்தது; இந்தத் துறையில் அப்படி உறுதியாக அவனுக்குத் தெரிந்த முதல் விஷயம் அது.

"தாராளமா போடலாம்க்கா" என்றான். "நல்லா வரும்."

மாக்கிரட் அக்கா விதைகளைக் கழுவி, பழைய பத்திரிகைத் தாளில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பினார். மாதவன் வெயில் படும் இடமாகப் பார்த்துத் தாளை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தான்.