ஏழாம் எண் ஜூரி

வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருத்தியாக உட்காரச் சொல்லி, கிளீவ்லாண்ட் நீதிமன்றத்திலிருந்து ஜூரி அழைப்பு வந்ததும் பேராசிரியர் வெர்நீட்டா கேட்ஸ் புது கோட்டு வாங்கினாள். எப்படித் தப்பிக்கலாம் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலைக்கு, இவள் கல்யாணத்துக்குக் கிளம்புவது போலக் கிளம்பினாள்.

அவளுடைய சட்டக் கல்லூரி ஆசிரியர்களில் மனோதத்துவமும் படித்தவள் அவள் ஒருத்திதான்; கறுப்பினத்தவளும் அவள் ஒருத்திதான். ஜூரிகளின் தீர்ப்பில் நிறம் என்ன செய்கிறது என்று இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி. எல்லாம் ஆராய்ச்சிக்காகக் கூட்டி உட்காரவைத்த ஒத்திகை ஜூரிகள், கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தது. சாப்பாட்டு அறைக்கு அவள் வந்தால் சக ஆசிரியர்கள் வார்த்தையை அளந்து பேசுவார்கள், குறிப்பெடுக்கிறாளோ என்று. நாளடைவில் தன் அறையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டாள். நிஜமான ஜூரி அறையில் பதினொரு பேர் எழுந்து போக முடியாமல் அவளோடு உட்கார வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

அது ஒரு கொள்ளை வழக்கு. ஜூரித் தேர்வு அன்று ஏழாம் இருக்கையில் அவளைப் பார்த்ததும் குற்றம் சாட்டப்பட்டிருந்த கறுப்பு இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அழைக்கப்பட்டவர்களில் வேறு கறுப்பர் யாருமில்லை. அரசு வக்கீல்தான் அவளைக் கழற்றிவிடுவார் என்று நினைத்திருந்தாள். அவர் வாயே திறக்கவில்லை. எழுந்தவன் அந்த இளைஞனின் வக்கீல் டேரல் பூன், அவளுடைய பழைய மாணவன்.

"ஏழாம் எண் ஜூரிக்கு நன்றி. அவங்க போகலாம், யுவர் ஆனர்."

இரு தரப்பு வக்கீல்களும் ஒரு சில ஜூரிகளைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம், அதுதான் சட்டம். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை டேரல் அவள் அறைக்கே வந்து நின்றான்.

"ஜூரி நாப்பதே நிமிஷம்தான் பேசினாங்க, புரொஃபசர். குற்றவாளின்னு சொல்லிட்டாங்க."

"உக்காரு."

"விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் ஜூரி அறைக்குள்ள போனா மத்தவங்க வாயை மூடிக்குவாங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒரே ஒரு கறுப்பர் இருந்தாலும் மத்தவங்க நிதானமா யோசிப்பாங்கன்னும்தான் சொன்னேன். அன்னிக்கு மட்டம் போட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. "ரெண்டும் நோட்டுல இருக்கு. எதை நம்புறதுன்னு தெரியல. அந்தம்மாவை ஏன் அனுப்பினீங்கன்னு அந்தப் பையன் ஜெயில்லேர்ந்து கேக்குறான். நான் செஞ்சது சரியா, தப்பா? அதையாவது சொல்லுங்க."

புத்தக அலமாரி முழுக்க அவள் எழுதியதுதான். அங்கே பார்த்துப் பயனில்லை.

"தெரியாது, டேரல். ரெண்டையும் தனித்தனியாத்தான் சோதிச்சேன். ரெண்டும் ஒரே ஆளா வந்து உக்காந்தா என்ன ஆகும்னு பாத்ததே இல்ல. அந்த மாதிரி ஆள், எனக்குத் தெரிஞ்சு, நான் ஒருத்திதான்."