கூரைக்குச் சின்ன ர

தமிழ் டீச்சரின் கைப்பையில் அன்று சாப்பாட்டு டப்பா இல்லை. இரண்டு கிலோ எடையில் ஒரு சிமெண்ட் கட்டி இருந்தது. போன மாதம் ஏழாம் வகுப்பு அறையின் கூரையிலிருந்து பெயர்ந்து, அதே அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தும் அவள் அக்காவின் மண்டையில் விழுந்த கட்டி. ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் துருக் கம்பி, ஓரத்தில் காய்ந்த ரத்தம். அக்காவுக்குத் தங்கச்சியின் பெயரே மறந்துவிட்டது. கல்வி அலுவலகமோ, 'ஆசிரியை நாற்காலியிலிருந்து தவறி விழுந்தார்' என்று கை கூசாமல் எழுதி அனுப்பியது. தவறி விழுந்தவளுக்கு மருத்துவ உதவி கிடையாதாம்.

பதினோரு மணிக்குச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா மீது ஓட்டெடுப்பு. பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி, ஆசிரியர்களுக்கு முழு மருத்துவ உதவி. தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் என்று பிடி கொடுக்கவே இல்லை. வாசலில் அவர் காரை மறித்து, கட்டியைக் கண்ணால் பார்க்கவைத்து, ஆதரித்து ஓட்டுப் போடுங்கள் என்று கேட்பதாகத்தான் திட்டம்.

இருநூறு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். டிரில் மாஸ்டர் விசிலும் வாயுமாகக் கூட்டத்தை மேய்த்தார். நீள விசில் கேட்டால் வரிசையில் அசையாமல் நிற்க வேண்டும். அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

பத்தரைக்கு நீள விசில் கேட்டது. இருநூறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றார்கள். ஊதியது டிரில் மாஸ்டர் இல்லை, இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர்களுக்கு அடி என்று அதற்கு அர்த்தம்.

ஓடாமல் நிற்கிற கூட்டத்தை அடிப்பதில் என்ன சிரமம்? முதல் தடி டிரில் மாஸ்டரின் வாயில் இறங்கியது. விசிலோடு இரண்டு பல்லையும் துப்பினார். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் முட்டியை உடைத்தார்கள். விழுந்தவளை மறுபடி அடித்தார்கள். தமிழ் டீச்சர் தலைக்கு மேல் வலது கையைத் தூக்கினாள். சாக்பீஸ் ஒடிகிற மாதிரி சத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்து உறுப்பினரின் கார் வந்தது. தொங்கும் கையோடு அதை மறித்துக் கட்டியைக் காட்டினாள். ஓட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தாள். அவர் அவளைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இடது கையால் கட்டியை ஓங்கி அடித்தாள். கண்ணாடி பொடிப்பொடியாகி அவர் மடியில் கொட்டியது. காது கிழிந்து சட்டைக் காலர் சிவந்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. நன்றாக இருந்தது. இன்னொரு முறை ஓங்குவதற்குள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கட்டியை மேஜையில் வைத்தார். உறுப்பினர் காதுக்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், ஓட்டே போடவில்லை என்று போனில் யாரோ சொன்னார்கள். மசோதா ஒரு ஓட்டில் தோற்றிருந்தது. அவர் ஆதரித்திருப்பாரா மாட்டாரா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இந்தக் கல்லை எங்க எடுத்தே? ரோட்லயா?"

"ரோட்ல இல்ல. எங்க ஸ்கூல் கூரை. போன மாசம் ஏழாம் வகுப்புல விழுந்துச்சு. வீட்லேர்ந்து கொண்டுவந்தேன்."

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. திட்டம் போட்டு வந்தவள் என்றால் வழக்கு கெட்டியாக நிற்கும். ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். 'அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்பு அறைக் கூறையிலிருந்து பெயர்ந்து விழுந்த சிமெண்ட் கட்டி, ரத்தக் கறையுடன்.'

"கூறைன்னா புடவை சார். புடவை விழுந்து யாருக்கும் மண்டை உடையாது. சின்ன ர போடுங்க."

அவர் முறைத்துவிட்டு அடித்துத் திருத்தினார். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுல எனக்கு ஒரு காப்பி வேணும் சார்."

"ஜெயிலுக்குப் போறவளுக்கு காப்பி எதுக்கு?"

"கல்வி ஆபீஸ்ல குடுக்கணும். எங்க அக்கா சேர்லேர்ந்து விழல."