காது நேரம்

மின்சாரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் காதில் மாட்டுகிற ஹெட்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவேன். கரண்ட் இல்லை, கம்பி அறுந்து தொங்குகிறது, மீட்டர் ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை என்று ஊரே என் காதில் வந்து விழும். அப்படிப்பட்டவள் கோடையில் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகள் முகாமுக்குத் தொண்டராகப் போகிறேன் என்றால் பக்கத்து சீட்டுக்காரி சிரிக்காமல் என்ன செய்வாள். "இங்க கேக்கறது பத்தலன்னு அங்க போய் ஓசில கேக்கறியா?" என்பாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது. நானும் சொல்வதில்லை.

முகாம் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. மரக் குடில்கள், நீளமான சாப்பாட்டுக் கூடம், படகுக் கொட்டகை, கொடியில் எப்போதும் ஈரம் காயாத துண்டுகள். அங்கே பெரியவர்கள் எல்லோரும் அக்கா அல்லது அண்ணா. சார், மேடம், ஆன்ட்டி எல்லாம் வாசலோடு சரி. முகாமை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். பேரன் எடுத்தாயிற்று, தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டும். அவரும் விசில் அண்ணாதான். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது.

தொண்டர்களின் சொந்தப் பிள்ளைகள் வந்தாலும் இதே சட்டம். வேறு குடிலில் தங்க வேண்டும். பெற்றவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற பிள்ளைகள் வீட்டு நினைப்பில் தவிக்கும்போது ஒருத்தி மட்டும் அம்மா, அம்மா என்று பின்னால் திரிந்தால் நன்றாகவா இருக்கும். பல வருஷம் இதற்கு நானும் தலையாட்டியிருக்கிறேன். இந்த வருஷம் என் மகள் வந்தாள்.

அவளுக்குப் பதிமூன்று வயது. அவள் அப்பாவும் நானும் பிரிந்துவிட்டோம். குளிர்காலத்தில் அவர் வேறு ஊரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சண்டை சச்சரவு இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட எங்களுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. யாரோடு இருப்பது என்பதை மகளே சொல்லட்டும், பள்ளி திறப்பதற்குள் சொன்னால் போதும் என்று இருவரும் பெருந்தன்மையாகப் பேசி முடித்தோம். உண்மையில் எனக்குப் பெருந்தன்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் என்னோடுதான் இருப்பாள் என்று நம்பினேன். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதரிடம் யார் போவார்கள். ஆனால் வாரங்கள் போயின, அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வற்புறுத்தாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொண்டர் வீட்டுப் பிள்ளைகள் முதல் ஓரிரு நாள் நாக்கு தடுமாறி, பாதி அம்மாவும் பாதி அக்காவுமாக எதையோ உளறிவிட்டுச் சிரிப்பார்கள். இவளுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. வந்த அன்றே சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, அந்த உப்ப கொஞ்சம் குடுங்க" என்றாள். வீட்டில் என்னை நீ, வா, போ என்கிறவள். அந்தக் 'குடுங்க' எனக்குச் சுருக்கென்றது. உப்பை நகர்த்தி வைத்தேன். படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துச் சரிபார்ப்பது என் வேலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இழுத்த மாதிரியே அவளுக்கும் இழுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் முகாமில் யாரும் சத்தம் போடக் கூடாது. அதற்குக் காது நேரம் என்று பெயர். தொண்டர்கள் ஆளுக்கோர் இடத்தில் உட்கார்ந்திருப்போம். மனதில் எதையாவது வைத்துக்கொண்டு புழுங்கும் பிள்ளைகள் பிடித்த அக்காவிடமோ அண்ணாவிடமோ வந்து கொட்டிவிட்டுப் போகலாம். நடுவில் புகுந்து புத்தி சொல்லக் கூடாது. பிள்ளை கேட்டால்தான் யோசனை. உயிருக்கு, உடம்புக்கு ஆபத்தான சங்கதி என்றால் விசில் அண்ணாவுக்குத் தெரிய வேண்டும். மற்றபடி, சொன்னது பெற்றோர் காதுக்குப் போகாது. பிள்ளைகள் எங்களை நம்பி வருவதே இதனால்தான்.

என் இடம் படகுக் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகு. என்னிடம்தான் கூட்டம் அதிகம். குறட்டை விடுகிற குடில்காரனைப் பற்றிய புகாரிலிருந்து செத்துப்போன நாய்க்குட்டி வரை எல்லாம் அந்தப் படகின் மேல் இறங்கியிருக்கிறது. புதிதாக வரும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். "பிள்ள பேசி நிறுத்துச்சுன்னா 'அப்புறம்?'னு மட்டும் கேளுங்க. முகத்த மாத்தாதீங்க. மிச்சத்த அதுவே சொல்லிடும்" என்பேன். ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

முகாம் பாதி தாண்டியிருந்தது. ஒரு மத்தியானம் படகின் மறுமுனையில் என் மகள் வந்து உட்கார்ந்தாள்.

"பேசலாமாக்கா?"

சொந்தப் பிள்ளை காது நேரத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று விசில் அண்ணாவின் சட்டத்தில் இல்லை. அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும்தான் தோன்றவில்லை. வேறு அக்காவிடம் போ என்று அனுப்பியிருக்கலாம். ஆசை விடவில்லை. இத்தனை வாரம் கழித்து வாயைத் திறக்கிறாள், அனுப்ப மனம் வருமா.

"பேசலாமே."

"இங்க சொல்றத வீட்டுல சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"எங்கம்மாகிட்டயும்?"

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"உங்கம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் எங்கப்பாகூட போயிடலாம்னு இருக்கேன்."

என் முகம் மாறவில்லை. பழக்கம்.

"அப்புறம்?"

"அப்பாவத்தான் ரொம்பப் பிடிக்கும்னு இல்லக்கா. அவருக்கு ஒன்னும் தெரியாது. என் ஸ்கூல் பேரையே தப்பா சொல்வாரு. அங்க போனா நான்தான் அவரப் பாத்துக்கணும்."

"அப்புறம்?"

"அம்மா நல்லவங்கதான். கத்தவே மாட்டாங்க. நான் என்ன சொன்னாலும் கேப்பாங்க." படகில் உரிந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினாள். "ரொம்ப நல்லா கேப்பாங்க. போன்ல புகார் குடுக்கற மாதிரியே இருக்கும். அப்பா பெட்டிய எடுத்துட்டுப் போன அன்னிக்கு அம்மாகிட்ட போய் அழுதேன். பக்கத்துல உக்காந்து 'அப்புறம்?'னு கேட்டாங்க."

இன்னொரு அப்புறம் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன்.

"அப்பா வாசல்ல நின்னு அழுதாரு. மூக்கெல்லாம் ஒழுகி, பாக்கவே சகிக்கல. அம்மாவுக்கு நான் இருந்தாலும் ஒன்னுதான், போனாலும் ஒன்னுதான் போலக்கா. எனக்குத் தெரியல. அவங்க சொன்னதே இல்ல."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, அதற்கெல்லாம் மேல் பயமாக இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் அம்மாவாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டாள். அந்தப் படகின் மேல் உட்கார்ந்து பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகாது.

"இத அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது?"

யோசனை கேட்டுவிட்டாள். கேட்டால் சொல்லலாம்.

"சுத்தி வளைக்காம சொல்லிடு. வீட்டுக்குப் போற வழியிலயே சொல்லு. தள்ளிப்போட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

"அழுவாங்களா?"

"தெரியலம்மா."

"அழ மாட்டாங்க" என்றாள். எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போனாள்.

மிச்ச நாட்களை ஒழுங்காகத்தான் ஓட்டினேன். விசில் அண்ணா, "என்னம்மா, முகம் வாடிப்போயிருக்கு?" என்றார். "வெயில்ண்ணா" என்றேன். குளிக்கும்போது பதிலை ஒத்திகை பார்த்தேன். உன் முடிவை மதிக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் நீ திரும்பி வரலாம். சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆபீசில் லைனைத் துண்டிப்பதற்கு முன்னால் சொல்கிற வாசகம் மாதிரியே இருந்தது.

முகாம் முடிந்து என் காரில் கிளம்பினோம். மண் பாதை போய்த் தார் ரோடு வந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து, "அம்மா" என்றாள். "ஒன்னு சொல்லணும். நான் அப்பாகூட போறேன். நீ கோச்சுக்காத."

முதல் தடவை கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. எங்கோ ஒருத்தியின் அம்மாவைப் பற்றிக் கேட்பது வேறு, இது வேறு. வண்டியை ஓரம் கட்டினேன்.

"போகாதடி" என்றேன். தயார் செய்த வாசகம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எனக்கு நீ வேணும். நீ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? யாரக் கேட்டு முடிவு பண்ணுன? போகாத." குரல் எனக்கே சகிக்காத அளவுக்கு ஏறியது. அழுதேன். மூக்கு ஒழுகியது, துடைக்கவும் எதுவும் கையில் அகப்படவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். மனதை மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று அந்தக் கொஞ்ச நேரம் நான் உறுதியாக நம்பினேன்.

"நேத்து முகாம் ஆபீஸ் போன்ல அப்பாகிட்ட வரேன்னு சொல்லிட்டேம்மா" என்றாள், தோளிலிருந்து தலையை எடுக்காமலே. "பாவம், ரூமுக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சிட்டாராம். இத நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பள்ளி திறப்பதற்கு முன்னால் அவள் பெட்டியை நான்தான் கட்டினேன். ஓட்டைச் சாக்ஸை எதற்கு எடுத்து வைக்கிறாய், அந்த ஆளுக்குத் துவைக்கத் தெரியுமா, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யாவிட்டால் காலை ஒடித்துவிடுவேன் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மடித்து வைத்தேன். அவள் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.