ஓட்டையின் அகன்ற பக்கம்

தெருவில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து, ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் கண்ணாடிக்காரர் வீட்டில் யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. ஜன்னல் விளிம்புக்கு மேலே தலை தெரியக் கூடாது. மேஜைக் கால்களை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார். மகள் பள்ளிப் பையைத் தள்ளிக்கொண்டே தவழ்ந்து போவாள். "ஊரு உலகத்துல புள்ளைங்க தவழ்ந்துட்டு அப்புறம் நடக்கும். இவ நடந்துட்டுத் தவழுறா" என்று மனைவி சிரிப்பாள்.

ஒரு நாள் மதியம் கடைக்கு அவளிடமிருந்து போன். "ஏங்க, நம்ம ஜன்னல்ல சுட்டுட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணாடி மட்டும் எடுத்துட்டு வாங்க."

வந்தார். தவழ்ந்தே ஜன்னலடிக்குப் போனார்.

குண்டு துளைத்த கண்ணாடியைப் படிப்பது சுலபம். குண்டு நுழையும் பக்கம் ஓட்டை சின்னதாக இருக்கும். வெளியேறும் பக்கம் சில்லுகள் பெயர்ந்து, புனல் வாயைப் போல் அகன்றிருக்கும். கண்கூட வேண்டாம், விரல் போதும்.

உள்பக்கம் தடவினார். வழவழவென்றிருந்தது. ஜன்னல் கதவைத் திறந்து வெளிப்பக்கம் தடவினார். விரல் குழிக்குள் இறங்கியது.

"குண்டு நம்ம வீட்டுலேர்ந்துதான் போயிருக்கு" என்றார்.

மகள் மேஜைக்கடியிலிருந்து சொன்னாள்: "அம்மா துப்பாக்கியை மாவு டப்பாவுல வச்சிருக்காங்கப்பா."

"மூணு நாளா எதிர் ஜன்னல்ல ஒருத்தன் நிக்கிறான்" என்றாள் மனைவி. "அசையவே மாட்டேங்குறான். தினம் சட்டையை மட்டும் மாத்திக்கிட்டு நம்மளையே பாக்குறான். நான் என்னதான் பண்றது?"

"சுட்டதும்?"

"விழுந்துட்டான்."

எதிர் மாடி தையல்காரர் வீடு. அப்போது போன் அடித்தது. தையல்காரர்தான்.

"அண்ணே, ஒரு கண்ணாடி மாத்தணும்."

"யாருக்காவது...?"

"பொம்மைக்குத்தாண்ணே! கடையில சட்டை மாட்டி வைப்பேனே, அதை ஜன்னல்ல நிறுத்திவச்சேன். சுடுறவன் எங்களை விட்டுட்டு அதைச் சுடட்டும்னு. சரியா நெஞ்சுல வாங்கியிருக்கான், மகராசன்!" தையல்காரர் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்கேர்ந்து சுட்டாங்கன்னு கண்ணாடியைப் பாத்தே சொல்லிடுவீங்களாமே?"

"அதைத் தொடாதீங்க. நானே வந்து எடுக்குறேன்."

போனை வைத்ததும் சுத்தியலை எடுத்துத் தன் ஜன்னல் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். இனி அதை யாரும் படிக்க முடியாது. எதிர்வீட்டுக் கண்ணாடிக்கும் இதே கதிதான்.

"பொம்மையாம்" என்றார்.

"பொம்மையா!" மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வெறும் ஜன்னல் சட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். அவரும் எழுந்தார்.

எதிரே பொம்மையை மறுபடி நிறுத்தியிருந்தார்கள். புதுச் சட்டை போட்டிருந்தது, பொத்தான்கள் திறந்து கிடந்தன. ஜன்னல் விளிம்புக்குக் கீழேயிருந்து ஒரு குழந்தையின் சின்னக் கை மேலே வந்தது. நெஞ்சு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தது. பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கியது, தினமும் செய்து பழகிய கையைப் போல.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.