உப்புப் பார்க்காத லசானியா

நோன்பு தொடங்கிய நாளிலிருந்து அம்ஜத்துக்கு ஒரே பல்லவிதான். கஞ்சியை ஒரு வாய் குடிப்பான், முகத்தைச் சுளிப்பான், "உப்புக் காணாது" என்பான். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு அவன் மனைவி றிஹானா அடுப்படியில் நின்று காய்ச்சிய கஞ்சி அது. நோன்போடு இருப்பவள் மணத்தை வைத்துத்தான் உப்பு மட்டுக்கட்ட வேண்டும். இந்த மகாராசனுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

புத்தளத்திலிருந்து றிஹானாவின் வாப்பா பக்கீரும் உம்மாவும் வருகிறார்கள் என்றதும் அவனுக்கு வாய் இன்னும் நீண்டது.

"அண்டைக்கு நீர் கஞ்சியை மட்டும் பாரும். நான் லசானியா செய்யிறன். வீடியோவில பாத்திட்டன், சின்ன வேலை. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். மாமா சாப்பிட்டுப் புகழேக்கை நானே சொல்லுறன்."

"சரி, சொல்லமாட்டன்" என்றாள் றிஹானா.

சந்தியில் போன் கடை வைத்திருப்பவன், அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பிறந்ததிலிருந்து ஒரு முட்டை பொரித்தறியாத ஆள்! மாத் தகடுகளை உப்புத் தண்ணீரில் அவித்தான். கொத்திறைச்சிக்கு உப்புப் போட்டான். காணாதோ என்று பயம் வர, இன்னொரு கரண்டி போட்டான். பால் சோஸுக்கும் போட்டான். மேலே தூவிய சீஸும் தன் பங்குக்கு உப்போடுதான் வந்தது என்பதை அவனுக்கு யார் சொல்வது?

சொல்லவும் ஒருத்தி வந்தாள். "உப்பு மணக்குது. நாக்கு நுனியில வைச்சுப் பாத்திட்டுத் துப்புங்கோ. விழுங்காட்டி நோன்பு முறியாது."

"இத்தாலிச் சாப்பாடு அப்பிடித்தான் மணக்கும். நீர் போம்" என்றான்.

பின்னேரம் மாமாவும் மாமியும் வந்து சேர்ந்தார்கள். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தார்கள். கஞ்சி குடித்தார்கள். கஞ்சியில் அன்று உப்பு அளவாக இருந்தது. அதைச் சொல்ல அம்ஜத்துக்கு நேரமில்லை. ஓவனிலிருந்து பொன்னிறமாக வந்த தட்டு மேசைக்கு ஏறிவிட்டது.

"மாஷா அல்லாஹ்!" என்று பக்கீர் பெரிய துண்டாக எடுத்து வாயில் வைத்தார். அடுத்த கணம் கை தண்ணீர்க் கோப்பையைத் தேடியது. மாமி கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பவளைப் போல விழுங்கினாள். அம்ஜத்தும் ஒரு வாய் வைத்தான். கடல் தண்ணீரேதான்.

"மகள், உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுப் போல" என்றார் பக்கீர், மெல்லமாக.

றிஹானா அவனைப் பார்த்தாள். 'நான்தான்' என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். "இன்னும் தண்ணி எடுக்கட்டே மாமா?" என்றான் அந்த வீரன்.

அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். "ஓம் வாப்பா, நோன்போட உப்புப் பாக்கேல்லை. பிழைச்சுப்போச்சு."

ஆண்கள் இருவரும் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்தார்கள். பாதி வழியில் பக்கீர் மருமகனின் கையைப் பிடித்தார்.

"மகன், நாங்கள் போனாப்பிறகு பிள்ளையை ஏசிப்போடாதையுங்கோ. உங்களுக்கு உப்பு விசயத்தில கோபம் வரும் எண்டு உம்மாட்டைச் சொன்னவளாம். நோன்போட சமைக்கிறது லேசில்லை. எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கோ."

நரைத்த தாடியோடு ஒரு மனிதர் தன் மகளுக்காக அவனிடம் கெஞ்சுகிறார். அம்ஜத்துக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. இவ்வளவு நாளும் தான் குறை சொன்னது புத்தளம்வரை போயிருக்கிறது. அந்த வீட்டாரின் கண்ணில் அவன் இப்படிப்பட்ட மனிதனாகத்தான் இருந்திருக்கிறான்.

"மாமா, அதை அவள் சமைக்கேல்லை. நான்தான் சமைச்சனான்."

பக்கீர் நின்றுவிட்டார். கண் கலங்க அவன் முதுகில் தட்டினார். "மனுசியை விட்டுக்குடுக்காமல் பழியை உங்கடை தலையில போடுறியளே! அல்லாஹ் எனக்குத் தங்கமான மருமகனைத் தந்திருக்கிறான்."

"இல்லை மாமா, உண்மையா..."

"தெரியும், தெரியும். வாங்கோ, தொழுகை தொடங்கப்போகுது."

தொழுகையில் என்ன ஓதினோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. வீடு திரும்பியதும் அவன் வாயைத் திறக்குமுன் பக்கீர் முழுவதையும் மாமியிடம் சொல்லி முடித்துவிட்டார். மாமியின் முகம் மலர்ந்துபோயிற்று.

"மாமி, சத்தியமா நான்தான் சமைச்சது."

"போங்கோ மகன்! தேத்தண்ணி போடத் தெரியாத நீங்களோ லசானியா செய்தது?" மாமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்ஜத் அடுப்படிக்கு ஓடினான். றிஹானா தட்டில் அடிப்பிடித்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"றிஹானா, நீராவது வந்து சொல்லும். நான்தான் செய்தனான் எண்டு சொல்லுமன்!"

அவள் நிமிரவில்லை.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும் எண்டு சொன்னீங்கள் எல்லோ" என்றாள். "நான் சொல்லமாட்டன்."